கேள்வி – பதில்: மீட்டிங்குக்குப் போகும் முன்

என் கணவருக்கு 46 வயது. தினமும் இரண்டு குவார்ட்டர். காலையிலேயே ஒரு கட்டிங் போட்டால்தான் எழுந்து நடமாடுவார். 'ஏ.ஏ. மீட்டிங்குக்கு வர்றேன்' என்று இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார் (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு). எங்கே தேடுவது? அதுவரை பாட்டிலை ஒளித்து வைத்துவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

ஒளிக்காதீர்கள். காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். அது பேயும் இல்லை, காற்று கருப்பும் இல்லை. மந்திரிக்கக் கூட்டிப்போகாமல் 108-ஐ அழையுங்கள்.

ஆகவே மீட்டிங்குக்கு முன்னால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதையெல்லாம் ஓ.பி.யில் மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்துக்கான மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் என்கிற பி1 ஊசியும் போடுவார்கள். சோர்வாக இருக்கிறாரே என்று தெருமுனைக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள். பி1 வற்றிய உடம்பில் அது மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்.

குழு எங்கே இருக்கிறது என்று அந்தப் பிரிவின் ஆலோசகரிடமே கேளுங்கள். ஏ.ஏ. இந்தியா இணையதளத்திலும் தேடலாம். போதை மீட்பு உதவி எண் 14446-லும் விசாரிக்கலாம். இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், கிளம்பும் முன் குழுவின் எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். தமிழில் நடக்கிறதா, எந்த கேட் வழியாக வர வேண்டும், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்று கேளுங்கள். திறந்த கூட்டத்தில் நீங்களும் உட்காரலாம். மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும்.

ஏ.ஏ.வில் உறுப்பினர் கட்டணம் கிடையாது. 'அட்மிஷனுக்கு இவ்வளவு, வேன் அனுப்பி ஆளைத் தூக்கிக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால் அது ஏ.ஏ. இல்லை.

சர்ச் வளாகத்தில் மீட்டிங் என்றார்கள். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். நான் இந்து, அரசு வேலை. யாராவது பார்த்துவிட்டால்?
– வாசகர், திருச்சி

மாலை நேரத்தில் குறைந்த வாடகைக்குக் கிடைப்பது சர்ச் அறையும் பள்ளி வகுப்பறையும்தான். மதம் மாற்ற அங்கே ஆளில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் கடவுள் வருவார்; ஆனால் 'நாம் புரிந்துகொண்ட வகையில்' என்ற சேர்க்கையோடுதான் வருவார். முருகன் உங்களுக்கு முருகனாகவே இருக்கட்டும்.

முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போய், 'புதுசா வந்திருக்கேன்' என்று மட்டும் சொல்லுங்கள். கையெழுத்தோ அடையாள அட்டையோ கேட்க மாட்டார்கள். முன்னுரை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கிப் பேசுவார்கள். நடுவே குறுக்கிட்டு யாரும் புத்திமதி சொல்வதில்லை. உங்கள் முறை வந்தால் 'இன்னைக்குக் கேட்க வந்தேன்' என்றால் போதும், அடுத்தவரிடம் போய்விடும். கூட்டம் ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கும். கடைசியில் ஒரு பை சுற்றி வரும். பத்து ரூபாய் போடலாம், போடாமலும் தள்ளிவிடலாம். நமக்குத் தெரிந்த முகம் அங்கே இருந்தால்? அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். அப்படியும் கூச்சமென்றால் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டிங் முடிந்த கையோடு ஓடிவிடாதீர்கள். டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் போன் எண்கள் கைமாறும். டாஸ்மாக் இரவு பத்து வரை திறந்திருக்கும் ஊரில், ஒன்பது மணிக்குக் கூப்பிட ஓர் எண் வேண்டும்.

நான்கு மாதம் நிறுத்திய தம்பி, ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டான். குழுவுக்குப் போக வெட்கப்படுகிறான்.
– வாசகி, கோவை

அடுத்த மீட்டிங்குக்கே போகச் சொல்லுங்கள். நாள் கணக்குதான் ஒன்றிலிருந்து தொடங்கும். கற்றது எங்கும் போகாது. ஆரம்பத்தில் '90 நாளில் 90 மீட்டிங்' என்பது அங்கே பழக்கம். ஊரில் வாரத்துக்கு ஒன்றுதான் என்றால் மற்ற நாட்களுக்கு ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன. அவன் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்; குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது.

மீட்டிங்குக்கு வரமாட்டேன் என்பவருக்கு, தெரியாமல் ரசத்தில் மாத்திரை கலந்து கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

கூடாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு உள்ளவர் இறந்தே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே கொடுக்க வேண்டிய மருந்து அது. அப்படிச் சாப்பிடுகிறவர் ஆல்கஹால் கலந்த இருமல் டானிக்கையும் தொடக்கூடாது. வீட்டு அலமாரியில் இருக்கும் அரிஷ்டமும் அதில் சேர்த்தி.