எல்லாம் இருக்கிறது, கதையைத்தான் காணோம்

கேள்வி: ஊர் வீட்டை விற்கும் அப்பாவைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு சிறுகதை எழுதினேன். களம், பாத்திரம், முரண், நோக்குநிலை, உச்சம் எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்த்தும்விட்டேன். படித்தவர்களோ, “நல்லாத்தான் இருக்கு, ஆனா கதையா இல்லை” என்கிறார்கள். இன்னும் எதைச் சேர்க்க வேண்டும்?

பதில்: சேர்க்க ஒன்றும் இல்லை. நீங்கள் அனுப்பிய கதையில் முதல் மூன்று பக்கமும் தெரு, திண்ணை, கிணறு, வேப்பமரம். அடுத்த இரண்டு பக்கம் அப்பா எப்பேர்ப்பட்டவர் என்ற விவரம். அப்புறம்தான் மகள் வாயைத் திறக்கிறாள். களம் முடிந்து பாத்திரம், பாத்திரம் முடிந்து முரண் என்று வரிசை கட்டி நிற்கின்றன. நாவலில் அதற்கு இடம் உண்டு. சிறுகதையில் ஒரே விவரம் இரண்டு மூன்று வேலையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் வரும் துண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நேரம். ஏழைத் தாய் தாயம்மாள் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தது போக, கணவனுக்கென்று ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறாள். தனக்கு எதுவும் இல்லை. அப்போது உடம்பெல்லாம் சிரங்கோடு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். பெயர் ராஜா. அவனைக் குளிப்பாட்டியாயிற்று, எதை உடுத்தக் கொடுப்பது? அந்தத் துண்டுதான் இருக்கிறது. வீட்டின் நிலைமையை அது சொல்லிவிடுகிறது, களம் வந்துவிட்டது. கணவனுக்கா, இந்தப் பையனுக்கா என்று அவளைத் திணற வைக்கிறது, அதுதான் முரண். (முரண் என்றால் சண்டை போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.) பையனுக்குக் கொடுக்கிறாள், அவள் யாரென்று தெரிந்துபோகிறது. இரக்கமுள்ளவள் என்று தனியாக ஒரு வரி எதற்கு?

உங்கள் கதையிலும் அப்படி ஒரு துண்டு இருக்கிறது. ஆறாம் பக்கத்தில் தரகர் போகிற போக்கில், “பூர்வீகச் சொத்து, பொண்ணும் கையெழுத்துப் போடணும்” என்கிறாரே, அதுதான். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-லேயே வந்துவிட்டது. ஆக, விற்க வேண்டாம் என்று நினைக்கிற மகளின் கையில்தான் பேனா இருக்கிறது. இவ்வளவு பெரிய முரணை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

அடுத்தது நோக்குநிலை, அதாவது யார் கண் வழியாகக் கதையைச் சொல்கிறோம் என்பது. உங்களிடம் உள்ள பெரிய சிக்கல் இதுதான் என்பேன். நான்காம் பக்கத்தில் அப்பாவின் மனசுக்குள் இருக்கிறோம், அடுத்த பத்தியில் மகளின் மனசு, அதற்கடுத்துத் தரகரின் கணக்கு. எல்லார் மனசும் தெரிந்துவிட்டால் வாசகருக்கு ஊகிக்க ஒன்றும் மிஞ்சாது. மகளின் கண் வழியாக மட்டும் சொல்லிப் பாருங்கள். அப்பாவின் துக்கத்தை அப்போது நீங்கள் விவரிக்க முடியாது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், பத்திரம் பதியப் போன இடத்தில் டோக்கன் எண்ணை மூன்றாவது முறை கேட்கிறார் என்று எழுதத்தான் முடியும். அது போதும்.

சார்பதிவாளர் அலுவலகத்திலேயே தொடங்குங்கள். அப்படியானால் வேப்பமரம் என்ன ஆவது? பத்திரத்தில் வரட்டும். சொத்து விவரத்தை எழுத்தர் உரக்க வாசிக்கிறார்: நான்கெல்லை, அதற்குட்பட்ட வீடு, கிணறு, மரவகைகள். ‘மரவகைகள்’ என்ற இடத்தில் மகளுக்கு அந்த வேப்பமரம் நினைவுக்கு வந்தால், மூன்று பக்க வர்ணனை மூன்று வரியில் முடிந்துவிடும். ஊஞ்சல் கட்டியதையும் அதோடு சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள். எல்லாக் கதையிலும் அது இருக்கிறது.

உச்சம் கையெழுத்து. அவள் போட்டாளா இல்லையா என்பதைச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் வரும் ஒன்றரைப் பக்க அழுகையை அப்படியே எடுத்துவிடலாம்.