முட்டி ஆபரேஷனுக்கப்புறம் பொண்ணு நுனிக்கால்ல நடக்குறா, என்ன பண்றது?

மும்பை செம்பூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: பத்து வயசு பொண்ணு சைக்கிள்ல இருந்து விழுந்து, முட்டிக்குள்ள லிகமென்ட் ஒட்டியிருக்குற எலும்புத்துண்டு பெயர்ந்து ஸ்க்ரூ போட்டாங்க, இப்ப பிரேஸ் கழட்டியாச்சு, முழு வெயிட் போட்டு நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார், ஆனா முட்டிய மடக்கிக்கிட்டே நுனிக்கால்ல நொண்டுறா, மாமியார் எண்ணெய் போட்டு இழுத்து மடக்கிவிடணும்ங்குறாங்க, செய்யலாமா?

சகோதரி, இழுத்து மடக்கவே வேண்டாம். தொடை எலும்பு நீளமா வளர்றதுல சுமார் 70 சதவீதம் முட்டிகிட்ட இருக்குற, இன்னும் எலும்பா இறுகாத வளர்ச்சிக் குருத்துலதான் நடக்குது, விறைச்ச முட்டிய பலவந்தமா மடக்குனா அங்கயே உடையலாம். அத்தை ஆசைப்பட்டா தொடைக்கு மட்டும் மெதுவா தடவட்டும், தழும்பு மேல வேண்டாம்.

முட்டிய முழுசா நீட்ட முடியலைன்னா நிக்கும்போது அந்தக் கால் குட்டையான மாதிரி ஆயிடும், குதிகால் தரைக்கு எட்டாது, அதனாலதான் நுனிக்கால். "ஒழுங்கா நட"ன்னு திட்டாதீங்க ப்ளீஸ், அவளால முடியல. பாய்ல நேரா படுக்க வச்சு ரெண்டு முட்டிக்கு அடியிலயும் எவ்ளோ இடைவெளி இருக்குன்னு பாருங்க, வித்தியாசம் தெரியும். அதனால மடக்குறத விட நீட்டுறதுதான் முதல் வேலை. குதிகாலுக்கு அடியில சுருட்டுன துண்டு, முட்டிக்கு அடியில ஒண்ணும் இல்லாம, பத்து நிமிஷம், தினம் மூணு நாலு தடவை. சுகமா இருக்குன்னு கேட்டாலும் ராத்திரி முட்டிக்கு அடியில தலகாணி வைக்காதீங்க.

அடுத்தது தொடை சதை. முட்டில வீக்கம் இருந்தா அந்த சதை வேலை செய்றதையே நிறுத்திடும், அத எழுப்பணும். உங்க உள்ளங்கைய முட்டிக்கு அடியில வச்சு "என் கைய நசுக்கு பாப்போம்"னு சொல்லுங்க, அவ அழுத்தும்போது முட்டிச்சில்லு லேசா மேல ஏறணும், 5 செகண்ட் பிடிச்சு விடட்டும், ஒரு தடவைக்கு பத்து.

நொண்டல் போற வரைக்கும் கிரச்சஸ் இருக்கட்டும், சீக்கிரம் விட்டா நொண்டுறதே பழக்கமாயிடும். குதிகால் முதல்ல படுற மாதிரி கண்ணாடி முன்னாடி மெதுவா நடக்க வைங்க. லிஃப்ட் இல்லைன்னா படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. நடக்க 60 டிகிரி சொச்சம் மடங்குனா போதும், இந்தியன் டாய்லெட்ல உக்கார 120க்கு மேல வேணும், அதனால இப்போதைக்கு கமோட் சேர் வாங்கிக்கோங்க.

ரெண்டு வாரத்துல நீட்டுறது கொஞ்சமும் கூடலைன்னா சர்ஜன்கிட்ட போங்க, இந்த ஆபரேஷனுக்கப்புறம் உள்ள தழும்பு கட்டி முட்டி இறுகிப்போறது உண்டு, சீக்கிரம் பாத்தா சரி பண்ணலாம். காய்ச்சல், தையல்ல சீழ், கெண்டைக்கால் வீங்கி வலி, இதுல எது வந்தாலும் அன்னைக்கே காட்டணும்.