லூசீன் என்ற உரைத்தேடல் மென்பொருள் நூலகத்தில் ஒரு சொற்றொடரை அப்படியே தேடுவது எப்படி?

உங்கள் சிக்கல் இரண்டு: டெர்ம் க்வெரியில் (ஒற்றைச் சொல்லைத் தேடும் வகை) "மழைநீர் சேமிப்புத் திட்டம்" என்று கொடுத்தால் ஒன்றுமே வரவில்லை. க்வெரி பார்சரில் (நீங்கள் எழுதும் வரியைத் தேடலாக மாற்றும் பகுதி) கொடுத்தால் மூன்றில் ஏதோ ஒரு சொல் உள்ள ஆவணங்களெல்லாம் வந்து குவிகின்றன.

டெக்ஸ்ட் ஃபீல்டில் போடும் வாக்கியத்தை அனலைசர் சொல் சொல்லாக வெட்டித்தான் தேடலுக்கான சொல் பட்டியலான இன்டெக்ஸில் வைக்கும். மூன்று சொல்லும் ஒட்டிய டெர்ம் (இன்டெக்ஸில் உள்ள ஒரு பதிவு) அங்கே கிடையவே கிடையாது. டெர்ம் க்வெரியோ நீங்கள் கொடுத்ததை வெட்டாமல் தேடும், எப்படிக் கிடைக்கும்? பார்சர் வெட்டிவிடும், ஆனால் சொல்லாமல் விட்டால் 'அல்லது' போட்டுச் சேர்க்கும்.

உங்களுக்கு வேண்டியது ஃப்ரேஸ் க்வெரி, அதாவது சொற்றொடர் தேடல். பார்சர் என்றால் இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் போதும். ஒவ்வொரு டோக்கனோடும் (வெட்டிய சொல்) அதன் இடமும் பதிவாகியிருக்கும்: மழைநீர் 41, சேமிப்புத் 42, திட்டம் 43. எண்கள் தொடர்ந்து வந்தால்தான் பொருத்தம். ஸ்லாப் (சொற்கள் எத்தனை இடம் விலகலாம் என்ற அளவு) சும்மா விட்டால் 0. அதை 2 ஆக்கினால் பக்கத்துச் சொற்கள் இரண்டு இடம் மாறி இருந்தாலும் பிடிக்கும். துல்லியம் வேண்டுமென்றால் அதைத் தொடாதீர்கள்.

ஃப்ரேஸ் க்வெரியை நீங்களே கோடில் கட்டினால் அனலைசர் அந்தப் பக்கமே வராது. இன்டெக்ஸில் உள்ள வடிவத்தையே கொடுக்க வேண்டும். ஸ்டாண்டர்டு அனலைசருக்குச் சந்தியெல்லாம் தெரியாது. 'சேமிப்புத்' வேறு, 'சேமிப்பு' வேறு. சொல்லை அடிவடிவுக்குக் குறைக்கும் ஸ்டெம்மர் போட்டால் இது ஓரளவு சரியாகும், ஆனால் 'அப்படியே' என்பது போய்விடும். அதனால் ஸ்டெம் செய்ததற்கு ஒரு ஃபீல்டு, செய்யாததற்கு ஒன்று என்று வைப்பதுதான் என் வழக்கம். இன்டெக்ஸ் பெருக்கும், பரவாயில்லை.

அடிக்கடி வரும் சிறு சொற்களை நீக்கும் ஸ்டாப் வேர்டு ஃபில்டர் இருந்தால் இன்னொரு வேடிக்கை. 'பேங்க் ஆஃப் இங்கிலாந்து' என்ற ஆங்கிலத் தொடரில் 'ஆஃப்' நீங்கி அந்த இடம் காலியாக நிற்கும்; அங்கே எந்தச் சொல் இருந்தாலும் பொருந்திவிடும். லூசீன் 8 முதல் ஸ்டாண்டர்டு அனலைசரில் ஸ்டாப் வேர்டு பட்டியல் காலிதான், பழைய பதிப்பு என்றால் கவனியுங்கள்.

முற்றுப்புள்ளியையும் ஃப்ரேஸ் க்வெரி மதிக்காது. ஒரு வாக்கியம் 'மழைநீர்' என்று முடிந்து, அடுத்தது 'சேமிப்புத் திட்டம்' என்று தொடங்கினாலும் பொருத்தம்தான். எழுத்துக்கு எழுத்து வேண்டுமானால், வந்த முடிவுகளின் மூல உரையில் ஒருமுறை சரம் தேடி வடிகட்டுங்கள்.

அப்புறமும் வரவில்லையா? 8.1 முதல் லூசீனோடு லூக் என்ற கருவியும் வருகிறது. அதில் இன்டெக்ஸைத் திறந்து டெர்ம்கள் எப்படி வெட்டுப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்.