சிறிய சுறாக்களுடன் நீந்தலாமா?

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் செல்கிறோம். டைஃபூன் லகூன் நீர்ப் பூங்காவில் சிறிய சுறாக்களோடு நீந்த வேண்டும் என்கிறான் மகன். அனுமதிக்கலாமா?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: அன்புச் சகோதரி, அந்தக் குளம் 2016ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டது. குளிர்ந்த உப்புநீர் நிறைந்த அதில், முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்தவர்கள் மேலே மிதந்து செல்ல, மண்வெட்டி போன்ற தலையுடைய, நண்டையும் இறாலையும் தின்னும் சிறு சுறாக்கள் அடியில் திரிந்தன. ஆயினும் மகனின் ஆசையை அடக்கிவிடாதீர்கள். நம் மலேசியாவின் ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளின் ஆழமற்ற பவளப்பாறைகளில், துடுப்பு நுனி கறுத்த சுறாக்களை அவற்றின் சொந்தக் கடலிலேயே காணலாம். எனக்கு அதுவே மேலாகப் படுகிறது. உயிர்காப்பு அங்கி அணிவித்து, வழிகாட்டியுடன் மட்டுமே அனுப்புங்கள்; சுறாவைத் துரத்தவோ, தொடவோ, அதற்கு இரை போடவோ கூடாது. வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் ஆண்டிறுதி மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.