ஓ-கோனிக்ஸ்பூர் கோட்டையில் பழைய கல் எது, புதிய கல் எது?

கேள்வி: அடுத்த மாதம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் குடும்பத்துடன் சில நாள்கள் தங்கவிருக்கிறோம். அருகிலுள்ள ஓ-கோனிக்ஸ்பூரை இடைக்காலக் கோட்டை என்று சிலரும், 1908-இல் எழுப்பிய போலி என்று சிலரும் சொல்கிறார்கள். ஒரு நாளை அதற்கு ஒதுக்கலாமா? பழையதையும் புதியதையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: தாராளமாக ஒதுக்கலாம். போலி என்ற சொல் அந்தக் கோட்டைக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. 12-ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் குன்றின்மேல் கோட்டை இருந்தது. 1479-க்குப் பிறகு டீர்ஸ்டைன் குடும்பத்தார் அதைப் பீரங்கிக்குத் தாக்குப்பிடிக்கும் வகையில் திருத்திக் கட்டினர். முப்பதாண்டுப் போரின்போது, 1633-இல், சுவீடன் படை 52 நாள்கள் முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. அதன்பின் எரிந்து பாழான கோட்டை இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் காடடைந்து கிடந்தது. கோட்டை அமைந்துள்ள அல்சாஸ் பகுதி ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த 1899-இல், செலெஸ்தா நகரம் அந்த இடிபாட்டைப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு அன்பளிப்பாக அளித்தது. அவர் அதைச் சீரமைக்கும் பொறுப்பைக் கட்டடக் கலைஞர் போடோ எப்ஹார்ட்டிடம் ஒப்படைத்தார்.

எப்ஹார்ட் இடிபாடுகளை அகற்றி, எஞ்சிய சுவர்களை அளந்து, படமெடுத்து, பழைய ஆவணங்களைத் தேடிப் படித்த பிறகே அவற்றின்மேல் கட்டினார். உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையையும் அவரே விட்டுச் சென்றிருக்கிறார். சீரமைப்பில் வைத்த கற்களில் தனிக் குறி பொறிக்கச் செய்தார். அதன் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இட்டு நிரப்பும் பகுதி மூலத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று, பழங்கட்டடப் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறிமுறையான வெனிஸ் சாசனம் வலியுறுத்தியது 1964-இல்தான் என்பதை நினைத்தால், இந்த நேர்மை எவ்வளவு அரியது என்பது விளங்கும். ஆகவே, சிவந்த மணற்கல் சுவர்களின் அருகில் நின்று, பிள்ளைகளையும் குறிகளைத் தேடச் சொல்லுங்கள்.

ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பதும் அதே சாசனத்தின் விதி. அந்த அளவுகோலின்படி எப்ஹார்ட் சில இடங்களில் தவறியிருக்கிறார்: சதுரக் காவற்கோபுரத்தின் உயரம் இன்றும் விவாதத்திற்குரியது, பேரரசர் மண்டபத்துக்கு உயரம் கூட்டுவதற்காக மேல்தளத்தையே விட்டுக்கொடுத்தார். லியோ ஷ்னுக் தீட்டிய ஓவியங்கள் நிறைந்த அந்த மண்டபத்தை 15-ஆம் நூற்றாண்டின் வாழ்க்கையாக எண்ணாமல், 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு பேரரசர் கண்ட கனவாகப் பாருங்கள். மேற்குப் பக்கத்துப் பெரும் கொத்தளத்தில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். பீரங்கிக்கு அஞ்சிய காலம் சுவரை எவ்வளவு தடிமனாக்கியது என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து செலெஸ்தா வரை ரயிலில் சென்று, அங்கிருந்து மலைச்சாலையில் ஏற வேண்டும். உள்ளே படிக்கட்டுகள் அதிகம். முதியவர்கள் உடன் வந்தால் அதற்கேற்பத் திட்டமிடுங்கள். திரும்பும் முன், மேற்கே சற்றுத் தொலைவில் மரங்களுக்கிடையே நிற்கும் எடன்பூர்க் இடிபாட்டுக்கும் நடந்து செல்லுங்கள். அதை யாரும் மீட்டுக் கட்டவில்லை; எப்ஹார்ட் தம் பணியைத் தொடங்கியபோது எத்தகைய காட்சியைக் கண்டிருப்பார் என்பதை அங்கே உணரலாம்.