ஏரியும் வேடியப்பன் கல்லும் யார் பொறுப்பு?

கேள்வி: ஹவாய் தீவுகளில் கிராமத்து மக்களே கூடித் திட்டம் போட்டு மலையையும் கடலையும் காக்கிறார்கள் என்று என் மகள் சொன்னாள். எங்கள் ஊரில் ஏரி தூர்ந்துபோய் இருக்கிறது, வேடியப்பன் கற்கள் என்று நாங்கள் கும்பிடும் நடுகற்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. நம்மால் முடியுமா?
– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: முடியும் சார். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் ஹாயெனா என்று ஓர் ஊர். மலை உச்சி முதல் கடல் வரை எல்லாவற்றையும் ஒரே நிலமாகப் பார்ப்பது அங்கே பழைய வழக்கம், அப்படிப்பட்ட நிலத்துக்கு அஹுபுவாஆ என்று பெயர். 2006-ல் அந்தக் கரையை ஊர்மக்களின் அன்றாடத் தேவைக்கான மீன்பிடிப் பகுதியாகச் சட்டம் அறிவித்தது. ஆனால் எந்த மீன், எவ்வளவு, எதை வைத்துப் பிடிக்கலாம் என்று பேசிப் பேசி விதிகள் அமலுக்கு வர 2015 ஆகிவிட்டது. அந்த ஒன்பது வருஷப் பொறுமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நமக்கும் 2002 பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஊரின் உயிர்வளத்தைக் காக்க ஊராட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், உங்கள் ஊரில் இருக்கிறதா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். அப்புறம் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய் ஏரி, வரத்துக் கால்வாய், கற்கள் நிற்கும் இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். நடுகல்லை வேடியப்பனாகக் கும்பிடும் குடும்பங்களை முதலில் பாருங்கள், கதை அவர்களிடம்தான் இருக்கிறது.