அழிச்ச போட்டோ ஏன் திரும்ப வருது? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம் மக்களே. கோயமுத்தூர்ல 14 வருஷமா போன் சர்வீஸ், டேட்டா ரெக்கவரி ரெண்டும் பண்றேன். அழிச்ச போட்டோ திரும்ப வந்து நிக்குதுன்னு வாரத்துக்கு ரெண்டு பேராவது கடைக்கு வர்றாங்க, அதுல பாதிப் பேரு கதவ சாத்திட்டு மெதுவா பேசுறாங்க. அதான் பொதுவுலயே பதில் சொல்லிடலாம்னு. ஒரே ஒரு கண்டிஷன், அடுத்தவங்க போட்டோவ எப்படி எடுக்கறதுன்னு கேட்டா பதில் வராது. இன்னொண்ணு, போன விக்கறதோ சர்வீஸுக்கு குடுக்கறதோ எதுவானாலும் மெமரி கார்ட கழட்டிட்டு குடுங்க. இத இன்னைக்கு நூறு தடவ சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

தூக்கம்வராதவன்: அண்ணா, 2024ல என் ஐபோன அப்டேட் பண்ணதும் எப்பவோ அழிச்ச போட்டோ எல்லாம் புதுசா எடுத்த மாதிரி வந்துச்சு. என் முன்னாள் காதலி போட்டோ உட்பட. பக்கத்துல பொண்டாட்டி. அது எப்படிண்ணா?

தம்பி, உங்களுக்கு மட்டும் இல்ல, உலகம் பூரா அந்த வாரம் இதே கதைதான். மே 13ந்தேதி ஐபோன் சாஃப்ட்வேரோட புது வெர்ஷன் ஐஓஎஸ் 17.5 வந்துச்சு, வந்த ரெண்டே நாள்ல 2010ல அழிச்ச படமெல்லாம் வருதுன்னு ஒரே கூப்பாடு. 20ந்தேதி 17.5.1 விட்டு சரி பண்ணாங்க. டேட்டாபேஸ் கெட்டுப்போன சில போட்டோக்கள் அழிச்ச பிறகும் திரும்ப வரலாம், அபூர்வமான பிரச்சினைன்னு ஆப்பிளே எழுதுச்சு.

எப்படின்னு கேட்டீங்கள்ல, கொஞ்சம் பொறுமையா படிங்க. லாட்ஜ் ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்குங்க. நீங்க டெலீட் அமுக்குனா ரிசப்ஷன்ல இருக்கற ரிஜிஸ்டர்ல இருந்து பேர அடிக்கிறாங்க, அப்புறம் பையன அனுப்பி ரூம காலி பண்ணணும். எப்பவோ ஒரு தடவ ரிஜிஸ்டர்ல பேர மட்டும் அடிச்சுட்டு பையன் போகாம விட்டுட்டான். ஆளு உள்ள தூங்கிட்டே இருக்கான், வெளிய யாருக்கும் தெரியாது. 17.5ல ஒரு புது மேனேஜர் வந்தாரு, ரிஜிஸ்டர நம்பாம ஒவ்வொரு ரூமா கதவத் தட்டிப் பாத்து, உள்ள இருந்தவன் பேரெல்லாம் புதுசா எழுதிட்டாரு. அவ்வளவுதான். இது என் கற்பனை இல்ல, பிரான்ஸ்ல சினாக்டிவ்னு ஒரு செக்யூரிட்டி கம்பெனி ரெண்டு வெர்ஷனையும் பிரிச்சுப் போட்டு பாத்துச்சு, ஸ்டோரேஜ தேடி போட்டோவ லைப்ரரில திரும்ப சேக்குற கோடு 17.5ல இருந்துச்சு, 17.5.1ல அத தூக்கிட்டாங்க.

2010ல நீங்க வெச்சிருந்த போன் வேற, இப்ப இருக்கறது வேற, அப்புறம் எப்படின்னு கேப்பீங்க. பழைய போன்ல இருந்து புது போனுக்கு பேக்கப் போட்டு மாத்துறோம்ல, தூங்குறவன கட்டிலோட தூக்கிட்டு வந்துருக்கோம்.

கவனிங்க, 17.5.1 பண்றது இனிமே கதவத் தட்டாம இருக்கறது. ஏற்கனவே வந்து நிக்கிறத நீங்கதான் அழிக்கணும், 'சமீபத்தில் நீக்கியவை'க்குள்ளயும் போய் அழிக்கணும். பொண்டாட்டி விஷயம் என் துறை இல்ல.

சந்தேகப்பிராணி: பூசி மொழுகாதீங்க. எல்லா போட்டோவையும் கம்பெனிக்காரன் சர்வர்ல வெச்சிருக்கான், தப்பித்தவறி காட்டிட்டான். ஃபார்மட் பண்ணி வித்த ஐபேட்ல கூட வந்துச்சாமே.

அந்த ஐபேட் கதைய நானும் படிச்சேன். ஒரே ஒருத்தர் எழுதுனது, அப்புறம் அவரே பதிவ தூக்கிட்டாரு. முழுசா அழிச்ச ஐபேட்ல அது நடக்க வழியே இல்ல, ஏன்னா அங்க ரூம காலி பண்றது இல்ல, சாவிய உருக்கிடுறது. உள்ள இருக்கறது எல்லாம் பூட்டுன டேட்டா, சாவி போச்சுன்னா வெறும் குப்பை. ஆனா உங்க சந்தேகமே தப்புன்னு சொல்ல மாட்டேன். 2017 ஜனவரில, ஃபைல நெட்ல சேத்து வைக்கற ட்ராப்பாக்ஸ்ல வருஷக்கணக்குக்கு முன்னாடி அழிச்ச ஃபைல் எல்லாம் திரும்ப வந்துச்சு, அது நெஜமாவே சர்வர்லதான் கெடந்துச்சு, அழிக்கற வேலை பாதில சிக்கி நின்னு போயிருந்துச்சு. ஆக சர்வர்லயும் நடக்கும், ஆனா இந்த ஐபோன் கேஸு போன்ல நடந்தது. திருடன் எல்லா ஊர்லயும் இருக்கான்ங்கறதுக்காக எல்லா திருட்டையும் ஒரே ஆள் மேல போட முடியாது.

மல்லிகைப்பூ: அண்ணா நான் என் போன்ல அழிச்ச போட்டோ எங்கப்பா போன்ல தெரியுது. அவருக்கு நான் அனுப்பவே இல்ல. பயமா இருக்கு, யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?

பயப்படாதம்மா. ஒரே கேள்வி. அப்பாவுக்கு போன் வாங்குனப்ப யாரோட ஜிமெயில் போட்டு செட் பண்ணி குடுத்தே?

மல்லிகைப்பூ: ...என்னோடது.

அதான். பத்துல ஏழு வீட்டுல இதுதான் கதை, ஹேக்கரும் இல்ல பேயும் இல்ல. உன் போட்டோ எல்லாம் கூகுள் போட்டோஸுக்கு பேக்கப் ஆகுது, அதே அக்கவுண்ட் அப்பா போன்லயும் இருக்கு, அவரு அந்த ஆப்ப தொறந்தா உன் போன்ல நேத்து எடுத்ததும் தெரியும். நீ போன் கம்பெனியோட கேலரி ஆப்ல அழிச்சிருப்ப, அது போன்ல இருக்கற காப்பி, கூகுள்ல இருக்கற காப்பி அப்படியே இருக்கும். கூகுள் போட்டோஸ தொறந்து அங்க அழி, அப்புறம் அதோட குப்பைத்தொட்டியையும் காலி பண்ணு, இல்லன்னா பேக்கப் ஆன படம் 60 நாள் அங்கயே கெடக்கும். அப்பாவுக்கு தனியா ஒரு ஜிமெயில் போட்டு குடு, உன் அக்கவுண்ட அவரு போன்ல இருந்து எடு. ஹால்ல இருக்கற டிவில உன் அக்கவுண்ட் போட்டிருந்தா அதையும் பாரு. சும்மா இருக்கறப்ப ஆல்பம் ஓட்டுற டிவி எல்லாம் இருக்கு. ஒரு வீட்டுல நிச்சயதார்த்தத்துக்கு சொந்தக்காரங்க உக்காந்திருக்கறப்ப டிவி தானா ஓட ஆரம்பிச்சு... சரி விடு.

கடலைமிட்டாய்: டெலீட் பண்ண போட்டோ திரும்ப வருது. என்ன பண்ண?

எந்த போன், எந்த ஆப், கார்டு இருக்கா இல்லையா, ஒண்ணும் சொல்லலையே தம்பி. மேல படிங்க.

ரயில்வேகேட்: ஆண்ட்ராய்டு. போன் ஸ்லோவா இருக்குன்னு ஒரு க்ளீனர் ஆப் போட்டேன். அடுத்த நாள் வாட்ஸ்அப்ல நான் அனுப்புன பழைய படமெல்லாம் கேலரில வந்துருச்சு, ஒரிஜினல எப்பவோ அழிச்சுட்டேன்.

ஆகா, நல்ல கேள்வி, யாராவது கேப்பாங்களான்னு பாத்துட்டே இருந்தேன். வாட்ஸ்அப்ல ஒரு படம் அனுப்புனா அத சுருக்கி தனியா ஒரு காப்பி 'சென்ட்'னு ஒரு ஃபோல்டர்ல வெச்சுக்கும். நீங்க கேமரா படத்த அழிச்சாலும் அது இருக்கும். கேலரி ஏன் அத காட்டலன்னா, அந்த ஃபோல்டர்ல நோமீடியான்னு ஒரு காலி ஃபைல் இருக்கும், 'இங்க எட்டிப் பாக்காதே'ன்னு போர்டு மாட்டுன மாதிரி. உங்க க்ளீனர் ஆப்பு காலி ஃபைல் குப்பைன்னு அந்த போர்ட கழட்டி எறிஞ்சிருச்சு, கேலரி உள்ள போயிருச்சு. வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பகுதில போயி பாத்து அழிங்க. க்ளீனர் ஆப்ப மொதல்ல அழிங்க. அழிச்ச படத்த மீட்டுத் தர்றேன்னு வர்ற ரெக்கவரி ஆப்பும் அப்படித்தான், பாதி ஆப்பு சும்மா தம்ப்நெயில், அதாவது குட்டிப் படத்த மட்டும் காட்டிட்டு முழு கேலரிக்கும் பர்மிஷன் வாங்கிக்கும். வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்காதீங்க.

பழையமெக்கானிக்: இவ்வளவு பேச்சு எதுக்கு? போன விக்கறதுக்கு முன்னாடி ரீசெட் பண்ணி, கேமராவ ஆன் பண்ணி சுவத்தப் பாத்து வெச்சுடுங்க. மெமரி நிறையற வரைக்கும் வெறும் சுவரு ஓடட்டும். அப்புறம் இன்னொரு ரீசெட். இருபது வருஷமா இதான் பண்றேன், ஒருத்தனுக்கும் ஒண்ணும் கெடச்சதில்ல.

அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை, ஆனா இந்த சுவத்து வைத்தியம் ஒரு காலத்துல சரி. 2014ல அவாஸ்ட்னு ஒரு ஆன்டிவைரஸ் கம்பெனி பழைய ஆண்ட்ராய்டு போன் 20 வாங்கிப் பாத்து 40,000 போட்டோ மேல மீட்டுச்சு, எல்லாம் வித்தவங்க அழிச்சுட்டதா நெனச்ச படம். அப்ப போன்ல டேட்டா பூட்டாம கெடந்துச்சு. ஆண்ட்ராய்டு 10ஓட வர்ற போன்லாம் என்க்ரிப்ஷன், அதாவது டேட்டாவ சாவி போட்டு பூட்டறது, கட்டாயம், ரீசெட் பண்ணா சாவி போயிரும், அதுக்கு மேல சுவத்த காட்டுறது உருக்குன சாவி மேல சம்மட்டி போடுறது மாதிரி.

பழையமெக்கானிக்: நான் சும்மா சொல்லல, அழிச்ச படத்த மீட்டுற போட்டோரெக் சாஃப்ட்வேர போட்டு ஓட்டிப் பாத்துருக்கேன், ஒண்ணும் வரல.

எதுல ஓட்டுனீங்க, போன்லயா கார்டுலயா?

பழையமெக்கானிக்: கார்டுல.

கார்டுல நீங்க சொல்றது சரி, ஒத்துக்கறேன். கார்டு பெரும்பாலும் பூட்டாம கெடக்கும், அதுல ஒரு படத்த அழிச்சா பட்டியல்ல அழிஞ்சதுன்னு ஒரு குறி போட்டு விட்டுரும், படம் அப்படியே இருக்கும். சும்மா ஃபார்மட் பண்ணாலும் போட்டோரெக் அள்ளிட்டு வந்துரும், என் பொழப்பே பாதி அதுலதான் ஓடுது. முழுசா எழுதி நிரப்புனா சாதாரண சாஃப்ட்வேர்ல ஒண்ணும் வராது. அதுக்குத்தான் காலைல இருந்து கத்துறேன், கார்ட கழட்டுங்கன்னு.

சந்தேகப்பிராணி: ஃப்ளாஷ் மெமரில உபரி இடம் இருக்குமே, அதுல எழுத முடியாதே. அப்ப மெக்கானிக் அண்ணன் முறையும் ஓட்டைதான?

நெசந்தான். ஒரே இடத்துல எழுதுனா சீக்கிரம் தேஞ்சு போகும்னு சிப்பு இடம் மாத்தி மாத்தி எழுதும், கொஞ்சம் இடம் நம்ம கண்ணுக்கே தெரியாது. ஆனா அத படிக்க சிப்ப கழட்டி தனி மெஷின்ல போடணும். உங்க போட்டோவுக்கு அவ்வளவு மெனக்கெடுறவன் இருந்தான்னா உங்களுக்கு வேற பெரிய பிரச்சினை இருக்குன்னு அர்த்தம்.

பழையமெக்கானிக்: போன்லயும் ஓட்டிருக்கேன், வரல.

ரீசெட்டுக்கு அப்புறம்தான? அப்ப வேலை செஞ்சது ரீசெட்டு, சுவரு சும்மா நின்னு பேரு வாங்கிக்கிச்சு. போதும்ணே, மத்தவங்களும் கேக்கணும்.

பெயர் வேண்டாம்: முன்னாடி பழகுனவர் என் படங்களை அழிச்சுட்டேன்னு சொன்னார். இப்ப வெளிய விட்டுருவேன்னு மிரட்டுறார்.

மொதல்ல ஒண்ணு, தப்பு உங்க மேல இல்ல. பணம் கேட்டா குடுக்காதீங்க, ஒரு தடவ குடுத்தா நிக்காது. மிரட்டுன மெசேஜ அழிக்காதீங்க, அதுதான் ஆதாரம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க. ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜின்னு ஒரு சேவை இருக்கு, படத்த அவங்களுக்கு அனுப்ப வேண்டாம், உங்க போன்லயே அதுக்கு ஒரு கைரேகை மாதிரி எண்ணு எடுத்து அத மட்டும் அனுப்பும், சேந்திருக்கற தளங்கள்ல அந்தப் படம் ஏறுனா கண்டுபிடிச்சு தடுக்க அது உதவும். வயசு 18க்கு கீழன்னா அதுக்கு டேக் இட் டவுன்னு தனியா இருக்கு. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல பேர் சொல்லாமயே பெண்களுக்கான பகுதில புகார் குடுக்கலாம். படம் எங்கயாவது ஏறிட்டா அந்தத் தளத்துல புகார் போடுங்க, 2021 ஐடி விதில 24 மணி நேரம்னு இருந்துச்சு, 2026 பிப்ரவரில அத 2 மணி நேரமா குறைச்சாங்க, அதுக்குள்ள எடுக்க நடவடிக்கை எடுக்கணும். நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, தனியா சுமக்காதீங்க. தனியா எனக்கும் எழுதலாம், படம் மட்டும் அனுப்பாதீங்க.

குட்டிச்சாத்தான்: வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் டெலீட் குடுத்தா போயிருமா?

ரெண்டரை நாளுக்குள்ள குடுத்தா சாட்ல போகும். எதிராளி ஐபோன்ல அது போட்டோஸ்ல சேவ் ஆகிருந்தா அங்க அப்படியே இருக்கும், வாட்ஸ்அப்பே அத சொல்லுது.

உப்புமா: டிஸ்ப்ளே மாத்த போன் குடுக்கணும். போட்டோ எல்லாம் இருக்கே?

சாம்சங்னா மெயின்டனன்ஸ் மோட், பிக்சல்னா ரிப்பேர் மோட், ஆன் பண்ணிட்டு குடுங்க. டிஸ்ப்ளே மாத்த பாஸ்வேர்டு எதுக்குன்னு கேளுங்க, சரியா பதில் சொல்லாத கடைல குடுக்காதீங்க. கார்டு, மறக்காம.

மஞ்சப்பை: அழிச்ச போட்டோ மறுபடி மறுபடி வருதுங்ணா, என்ன பண்றது?

இதோட நாலாவது தடவ. ஷட்டர் இறக்கப் போறேன், சுருக்கமா சொல்லுங்க. என்ன போன்?

மஞ்சப்பை: போன் இல்லீங்ணா, கேமரா. போன வாரம் செகண்ட்ஸ்ல வாங்குனேன். வர்றது என் போட்டோ இல்ல, வித்தவரு வீட்டு காதுகுத்து.

அவரு நம்பர் இருக்கா உங்ககிட்ட?

மஞ்சப்பை: இருக்குங்.

மொதல்ல அந்தப் படத்த அவருக்கு அனுப்பி வைங்க, அவங்களுக்கு வேணும்னா எடுத்துக்கட்டும். அப்புறம் முழுசா ஃபார்மட். அவருகிட்ட பேசுறப்ப, கார்ட ஏன் கழட்டலன்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க.